இழப்பு: பூஜ்யம்

மூத்த பொறியாளர் இறந்து ஒன்பது நாள் ஆகியும் இன்னும் உள்ளேதான் இருந்தார். கதவு அப்படித்தான் சொன்னது.

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவர் தன் அட்டையைத் தேய்த்து சர்வர் கூடத்துக்குள் போனார். பதினொன்றேகாலுக்கு, பதினோராவது வரிசை ரேக்குகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சருக்கு முன்கதவு குறுகலாக இருந்ததால் பின்பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் வழியாக வெளியே எடுத்துப் போனார்கள். அந்த வழியில் அட்டை தேய்க்கும் பெட்டி கிடையாது. ஆகவே கதவின் கணக்கில் அவர் வந்தார், போகவில்லை.

அந்தக் கூடத்துக்குள் யாரும் தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. வாசலில் இரண்டு பேர் நின்றாலோ, உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தாலோதான் கதவு திறக்கும். அவரிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்தவள் ஒருத்தி; ஆபீசில் அவளுக்குச் சுவிட்சக்கா என்று பெயர். அவர் போன மறுநாள், துணைக்கு ஆள் கிடைக்காமல் அவள் வெறுமனே அட்டையைத் தேய்த்துப் பார்த்தாள். சின்னத் திரையில் எழுத்து ஓடியது: "உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அனுமதி."

கதவு திறந்தது. அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் போனாள், வேலை இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து வெளியே வரும்போது "வர்றேன்ண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் சொன்னாள்.

அந்த இடத்துக்குப் பதிவேட்டு நடுவம் என்று பெயர். நகரத்தில் யார் பிறந்தாலும், யார் யாரைக் கட்டிக்கொண்டாலும், யார் செத்தாலும், அந்தச் செய்தி ஆஸ்பத்திரியிலிருந்தோ பதிவு அலுவலகத்திலிருந்தோ கிளம்பி இந்தக் கூடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தால் ஒரு எண் கிடைக்கும். எண் கிடைத்தால்தான் பிறந்தவர் பிறந்தவர், இறந்தவர் இறந்தவர்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு ஒரு சொல்லோடு திரும்பி வந்தார். அந்தச் சொல் இழப்பின்மை.

வந்த வேகத்தில் இழப்பின்மைக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் மூத்த பொறியாளர் எழுந்து, புரிகிற மாதிரி விளக்கினார். செய்திகள் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகும். வழியில் அவற்றை வாங்கிக் கடத்திவிடும் சுவிட்சுக்குள் இடம் நிறைந்துவிட்டால் ஒன்றிரண்டு கீழே விழும். அனுப்பின மெஷின் அதைத் தெரிந்துகொண்டு மறுபடி அனுப்பும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சேமிப்பு மெஷின்கள் தங்களுக்குள் பிரதி எடுத்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் இந்த விழுந்து எழும் பழக்கம் ஆகாது. அதற்கு வேறு ஏற்பாடு உண்டு. இடம் நிறையப் போகிறது என்றால் சுவிட்ச் தனக்கு அனுப்புகிறவனைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்லும். அவன் கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இடம் காலியானதும் மறுபடி அனுப்புவான்.

"செய்தி போறதுக்கு ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளயும் எட்டு வரிசை இருக்கு சார். அதுல ஒண்ணை மட்டும் இப்படி வெச்சுக்கலாம். மத்த ஏழும் இப்ப இருக்கிற மாதிரியே ஓடட்டும்" என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பொட்டலம் விழுதுன்னா நான் அதைப் பொட்டலமாப் பார்க்கறதில்ல. ஒரு குடிமகன் விழறதாப் பார்க்கறேன். எட்டு வரிசையில ஏழு வரிசைக் குடிமக்கள் விழலாம்னு சொல்றீங்களா?"

பிறப்புப் பிரிவின் தலைவி, குழந்தைகள் விழுவதைத் தன்னால் ஏற்க முடியாது என்றார். திருமணப் பிரிவின் தலைவர், கல்யாணம் நடுவழியில் விழுந்தால் இரண்டு வீட்டாருக்கும் யார் பதில் சொல்வது என்று கேட்டார். இறப்புப் பிரிவின் தலைவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்க ஆளுங்க ஏற்கெனவே விழுந்தவங்கதான். இருந்தாலும் பிரிவுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு." கேன்டீன் பொறுப்பாளர் எதுவும் பேசவில்லை. ஆனால் அன்றன்றைய சாப்பாட்டுப் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளும்படி சீட்டு எழுதி அனுப்பினார்.

முடிவில் நடுவத்தின் எல்லாச் செய்திகளும் அந்த ஒரே வரிசையில் அடைக்கப்பட்டன. மற்ற ஏழும் காற்றாடிக்கொண்டு கிடந்தன.

இடம் நிறைவதற்கு முன்பே அனுப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறி போட்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று பொறியாளர் கேட்டுப் பார்த்தார். வேகத்தைக் குறைப்பது திறன்குறைவை ஒப்புக்கொள்வதாகும் என்று துணை இயக்குநர் தள்ளிவிட்டார். கடைசியாக அவர் வாட்ச்டாக் என்கிற ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். எங்காவது ஒரு மெஷின் பழுதாகி "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், வாட்ச்டாக் அதைக் கண்டுபிடிக்கும். அந்த மெஷினுக்காக நிற்கிற பாக்கெட்டுகளை மட்டும் கீழே போட்டு வழியைத் திறந்துவிடும்.

"கீழே போடுமா?" என்றார் இயக்குநர்.

"சிலதை, சார்."

அன்றைய கூட்டக் குறிப்பை இன்றைக்கும் படிக்கலாம். "காவல்நாய் பொட்டலங்களைத் தின்னும் என்பதைப் பொறியாளரே ஒப்புக்கொண்டதாலும், வளாகத்துக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று பாதுகாப்பு அதிகாரி சுட்டிக்காட்டியதாலும், மேற்படி நாய் ஒருமனதாக அகற்றப்படுகிறது."

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது பொறியாளர் சுவிட்சக்காவிடம் சொன்னார். "ஊர் மொத்தத்தையும் ஒரே வாசல் வழியா விடச் சொல்றாங்க. எவனாவது ஒருத்தன் வாசப்படியில நின்னுட்டான்னா அவ்வளவுதான்."

"எழுதிக் குடுங்கண்ணே, முடியாதுன்னு."

"எழுதிக் குடுத்தேன். வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அதுவும் தொலையல."

சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு சுவிட்சாக மாற்றிக்கொண்டு வந்தார். கடைசிச் சுவிட்சை மாற்றியது அந்தத் திங்கட்கிழமை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கூடம் நின்றது.

எங்கோ ஒரு மெஷின் "நிறுத்து" என்றது. அதற்கு அனுப்பிக்கொண்டிருந்த சுவிட்ச் நின்றது, நின்றதால் நிறைந்தது, நிறைந்ததால் தனக்குப் பின்னால் இருந்ததை "நிறுத்து" என்றது. அது தனக்குப் பின்னால் இருந்ததைச் சொன்னது. சாதாரணமாக அந்தக் கூடத்தில் ஆயிரக்கணக்கான பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இப்போது எல்லாம் விழித்த கண்ணாக நின்றன. மின்விசிறிகள் மட்டும் இரைந்தன. அவ்வளவு பெரிய அறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

எதுவும் விழவில்லை. இயக்குநர் அறைச் சுவரில் மாட்டிய பலகையில் "இழப்பு: பூஜ்யம்" என்று இருந்தது. வேறு எண் வந்தாலும் பலகைவரை வந்து சேர வழியில்லை என்று சுவிட்சக்கா சொன்னாள். எதிர்மறையாகப் பேச வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள்.

கொள்கை மெஷின்களோடு நிற்கவில்லை. முன்பெல்லாம் வருகிறவர்களிடம் குமாஸ்தா "நாளைக்கு வாங்க" என்பார். திருப்பி அனுப்புவது இழப்பு என்று சுற்றறிக்கை வந்தது. இனி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. குமாஸ்தா உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்து நடையில் நிற்கும் உதவியாளர் தன் உள்ளங்கையை உயர்த்துவார். அவரைப் பார்த்து வாசல் காவலர். காத்திருப்புக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனவர்கள் காலையில் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார்கள். கல்யாணம் பதிய வந்த ஜோடி ஒன்று முதல் நாள் கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தது.

அந்தக் கூட்டத்தில் மூத்த பொறியாளரின் மனைவியும் இருந்தாள்.

ஆஸ்பத்திரி அவருடைய இறப்பைத் திங்கட்கிழமை சாயங்காலமே அனுப்பியிருந்தது. எண் வந்தால்தான் பிணவறையில் உடம்பைக் கொடுப்பார்கள். எண் வரவில்லை. கேட்டபோதெல்லாம் குமாஸ்தா, "தொலையலம்மா, வந்துக்கிட்டிருக்கு" என்றார். ஒன்பது நாளாக அது வந்துகொண்டிருந்தது.

சுவிட்சக்கா தினமும் மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். கொண்டுபோன டப்பாவை நீட்டுவாள். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிக் கொடுப்பாள். ஒன்பதாம் நாள் டப்பாவையே திறக்கவில்லை.

"அண்ணி, ஒரு வாயாவது."

"காலையில ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரும்மா. சீக்கிரம் முடிக்கணும்னா இந்தப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னாரு. யாருகிட்டன்னு கேட்டேன். மூத்த பொறியாளர்கிட்டன்னாரு."

சுவிட்சக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு பொண்டாட்டிதான் நான்னேன். அப்ப வேலை சுலபம், உள்ளதான் இருக்காரு, நீங்களே கூப்பிடுங்கன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு." அவள் கையில் இருந்த ஃபைலின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் நானும் அந்தக் கதவைப் பார்த்துட்டேன் தெரியுமா. வந்துடுவாரோன்னு."

"அண்ணி..."

"வீட்டு வாசல்ல அவரு செருப்பு கிடக்கு. எடுத்து உள்ள வெக்கறதா, வெளிய போடறதா, ஒண்ணும் புரியல. நாளையோட பத்து நாள். அதுக்குமேல பிணவறையில வெச்சிருக்க மாட்டாங்களாம். கேட்டு யாரும் வரலன்னு எழுதிடுவாங்களாம்."

"நீங்கதான் தினம் கேக்கறீங்களே."

"கேட்டது அங்க போய்ச் சேரணுமே."

சுவிட்சக்கா எழுந்து உள்ளே போனாள். "நிறுத்து" எங்கிருந்து வருகிறது என்று நான்கு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்தாள். வலைப்பின்னல் நின்றுபோனதால் உட்கார்ந்த இடத்திலிருந்து எதையும் பார்க்க முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போய், கேபிளைச் சொருகி, எந்த போர்ட் வழியாக அந்தச் சொல் வருகிறது என்று பார்த்து, அதற்கு அடுத்ததற்குப் போக வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுகிற வேலை. அன்று மத்தியானம் வந்து நின்ற இடம் பதினோராவது வரிசை.

அந்த வரிசைக்குள் அவள் ஒன்பது நாளாகக் கால் வைக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் தரைப்பலகை ஒன்று கொஞ்சம் விலகியிருந்தது. அதைத் தாண்டிக் கால் வைத்தாள்.

கீழிருந்து மூன்றாவது மெஷின், அவர் சோதனைக்கு வைத்திருந்தது. அதன் நெட்வொர்க் கார்டு விநாடிக்கு மூவாயிரம் தடவை "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கு இருநூறு கோடியைத் தாண்டியிருந்தது. அதன் நெற்றியில் ஒரு சீட்டு. கையெழுத்தை அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "கார்டு சரியில்லை. யாரும் தொட வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்." கீழே அந்தத் திங்கட்கிழமைத் தேதி.

அவள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பவில்லை.

அனுமதி கேட்க இயக்குநர் அறைக்குப் போனாள். துணை இயக்குநரும் அங்கே இருந்தார். வெள்ளிக்கிழமை இழப்பின்மை விருதுக்குப் பார்வையாளர்கள் வருவதால் இருவரும் வரவேற்புரை தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கேபிள் சார். பிடுங்கினா எல்லாம் ஓட ஆரம்பிச்சிடும்."

"பிடுங்கினா எத்தனை விழும்?" என்றார் இயக்குநர்.

"அந்த மெஷினுக்காக நிக்கறது மட்டும். நாலாயிரம் இருக்கலாம். அனுப்பினவங்க ஒரு விநாடியில திருப்பி அனுப்பிடுவாங்க."

"திருப்பி அனுப்பறது அவங்க பெருந்தன்மை. விழவிட்டது நம்ம குத்தம்." அவர் சீட்டைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "மூத்த பொறியாளர் தொட வேண்டாம்னு எழுத்து மூலமா சொல்லியிருக்காரு. அவர்கிட்ட எழுத்து மூலமா அனுமதி வாங்கிட்டு வாங்க."

"அவர் செத்துட்டாரு சார்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "எனக்குத் தெரியாதாம்மா? இரங்கல் கூட்டத்துல பேசினதே நான்தானே. எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியறது வேற, நடுவத்துக்குத் தெரியறது வேற. நடுவத்துக்குத் தெரியற வரைக்கும் அவர் பணியில இருக்காரு. ஒரு நல்ல ஊழியரை அவசரப்பட்டு இழக்க நான் தயாரா இல்ல."

துணை இயக்குநர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதையும் பாருங்க. போன வருஷம் இதே ஒன்பது நாள்ல முந்நூத்தி நாப்பது இறப்பு. இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல."

"பதிவாகல சார். அதான் இல்ல."

"ஒருத்தர்கூட சாகாத ஒன்பது நாள். எந்த நிர்வாகம் இதைச் செஞ்சிருக்கு, சொல்லுங்க?"

"பிறக்கவும் இல்லையே சார்."

துணை இயக்குநர் யோசித்தார். "நெரிசலும் குறைஞ்சிருக்கு" என்று உரையில் எழுதிக்கொண்டார்.

சுவிட்சக்கா வெளியே வந்தாள். நடையில் உதவியாளர் உள்ளங்கையை உயர்த்தியபடி நின்றார். கை வலிக்கிறதா என்று கேட்டாள். முதலில் வலித்ததாகவும் இப்போது இறக்கினால்தான் வலிப்பதாகவும் சொன்னார்.

அவள் கூடத்துக் கதவில் அட்டையைத் தேய்த்தாள். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அனுமதி. நேரே பதினோராவது வரிசைக்குப் போனாள். விலகிய தரைப்பலகைக்கு முன்னால் குந்தினாள்.

"அண்ணே, தொடறேன்" என்றாள். "நீங்க வந்து பார்க்க மாட்டீங்க."

பிடுங்கினாள்.

ஒரு கணம் எதுவும் ஆகவில்லை. பிறகு பக்கத்துச் சுவிட்சில் ஒரு பச்சை விளக்கு இமைத்தது. அதன் மேல் இன்னொன்று. வரிசை வரிசையாகப் பரவி, கூடம் முழுக்கச் சிமிட்டத் தொடங்கியது. ஒன்பது நாளாகப் பாதி வழியில் நின்றிருந்த குழந்தைகளும் கல்யாணங்களும் சாவுகளும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குக் கேட்டதென்னவோ விசிறிச் சத்தம்தான். என்றாலும் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

நான்கு நிமிடம் இருக்கும். கதவருகே அபாய மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். திரையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: "உள்ளே ஒருவர் மட்டுமே இருக்கிறார். விதிமீறல். உள்ளே ஒருவர் மட்டுமே இருக்கிறார்."

அவர் போய்விட்டார். சுவிட்சக்கா அந்த மணிச் சத்தத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒன்பது நாளாக அழாததையெல்லாம் அழுதாள்.

அவள் வெளியே வந்தபோது குமாஸ்தா எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்த பொறியாளரின் மனைவி கையில் சீட்டோடு நின்றாள். "வந்துடுச்சும்மா" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தே பிணவறைக்குப் போனார்கள். மறுநாள் காலை அடக்கம் நடந்தது. நடுவத்திலிருந்து ஒரு மாலை வந்தது. ஆள் வரவில்லை, எல்லாரும் விசாரணைக் கூட்டத்தில் இருந்தார்கள்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டுக் குற்றச்சாட்டைப் படித்தார்கள். ஒன்று, நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பொட்டலங்களை விழச் செய்தது. அவை அத்தனையும் அந்த விநாடியே திரும்ப வந்து சேர்ந்ததாக அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, ஒரே பொட்டலத்தை இரண்டு முறை உழைக்க வைத்தது என்று அதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். இரண்டு, அனுமதியின்றித் தனியாக இருந்தது. மூன்று, ஒரே பிற்பகலில் முந்நூற்று முப்பத்தொரு பேரின் இறப்புக்குக் காரணமாக இருந்தது.

"இதுல மறுக்கறதுக்கு ஏதாவது இருக்கா?" என்று இயக்குநர் கேட்டார். பலகை அணைக்கப்பட்டிருந்தது. அவர் முகம் பத்து வயது கூடியிருந்தது. "நாளைக்குப் பார்வையாளருங்க வர்றாங்க. நான் அவங்ககிட்ட என்னத்தைக் காட்டறது?"

"ஓடறதைக் காட்டலாம் சார்."

"ஓடறதை யாரு வேணும்னாலும் காட்டுவாங்க."

அவளைக் கட்டாயக் காத்திருப்பில் வைப்பதாக முடிவானது. வேலையிலிருந்து நீக்கினால் அது ஓர் ஊழியரின் இழப்பாகிவிடும். உள்ளே வைத்துக்கொண்டால் மறுபடி எதையாவது பிடுங்குவாள். அவளுடைய கதவு அட்டையை ரத்துசெய்யும் ஆணையில் சாயங்காலம் கையெழுத்தாகி, கணினியில் ஏற்றி அனுப்பப்பட்டது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால், வெள்ளிக்கிழமையை உத்தேசித்து, துணை இயக்குநர் தன் கையாலேயே பதினோராவது வரிசை மெஷினில் கேபிளைத் திரும்பச் சொருகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சுவிட்சக்கா காத்திருப்புக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூடம் மறுபடி நிறைய ஆரம்பித்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்வையாளர்கள் கைதட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை. குமாஸ்தாவின் உள்ளங்கை மேலே இருந்தது.

பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் வந்தார். கையில் பிளம்பர் பை, அதன் மேல் ஒரு ஃபைல். சட்டைக் காலரில் மூன்று நாள் அழுக்கு.

"எங்கம்மாங்க" என்றார், யாரும் கேட்காமலே. "நேத்து. எண் வரலன்னு பிணவறையில தரமாட்டேங்கறாங்க. நீங்க எதுக்கு?"

"நான் இங்க வேலை பார்க்கறேன். காத்திருக்கச் சொல்லியிருக்காங்க."

"வேலை பார்க்கறவங்களுமா?" அவர் கொஞ்ச நேரம் குமாஸ்தாவின் கையைப் பார்த்தார். "என்னதாங்க அடைப்பு?"

"ஒரு மெஷின் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு கேபிளைப் பிடுங்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பிளம்பர் ஃபைலைப் பைக்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "எந்தப் பக்கம்?" என்றார்.

சுவிட்சக்காவும் எழுந்தாள். நடையில் இரண்டு உள்ளங்கைகள் உயர்ந்தன. இருவரும் அவற்றுக்குக் கீழே குனிந்து போனார்கள். கூடத்துக் கதவின் முன்னால் நின்று அவள் அட்டையை எடுத்தாள். இந்தத் தடவை துணைக்கு ஆள் இருந்தது. அதை ரத்துசெய்யும் ஆணை முந்தின நாளே அனுப்பப்பட்டிருந்தது. தொலையவில்லை. வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது.